இந்து காலனியில் ஒரு ராஜகிருகம்

(கீழ்பென்னாத்தூரில் இளைஞர்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரு வீட்டைப் பற்றிப் பேசுகிறேன். மும்பையில், தாதர் பகுதியில் இருக்கிற மூன்று மாடி வீடு. பெயர் ராஜகிருகம். 1930களின் தொடக்கத்தில் புரட்சியாளர் அம்பேத்கர் கட்டிய வீடு. வாழ்நாளில் அவர் பல வீடுகளில் குடியிருந்தார். தனக்கென்று திட்டமிட்டு, கடன் வாங்கி, செங்கல் செங்கலாக எழுப்பிய வீடு இதுதான். அது இருக்கிற இடத்தின் பெயர் இந்து காலனி.

'காலனி' என்ற சொல்லை நம்மூரில் எப்படிச் சொல்கிறார்கள்? பேருந்தில் நடத்துநர் "ஊரா, காலனியா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு என்ன பொருள் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் காலனி என்றால் ஊருக்கு வெளியே, சேரி. அதே சொல் தாதரில் ஒரு பெருமையான முகவரி. அகலமான தெருக்கள், மரங்கள், வழக்கறிஞர்கள், பேராசிரியர்கள், அரசு அதிகாரிகள். பெரும்பாலும் ஆதிக்க சாதியினர். இங்கே நம்மை வெளியே வைக்கப் பயன்படும் சொல், அங்கே நம்மை உள்ளே விடாத இடத்துக்குப் பெயர். சொல் ஒன்றுதான், யார் எங்கே குடியிருக்கலாம் என்று தீர்மானிக்கிறவனும் ஒருவன்தான். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் ஒரு மகர் சாதி மனிதர் போய் வீடு கட்டினார் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

அதற்கு முன் நம்மூர் வீட்டுக்கு ஒருமுறை போய்வருவோம். கட்டடக்கலை என்றதும் கோயில் கோபுரம், செட்டிநாட்டு மாளிகை, அரண்மனை என்றுதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். திருவண்ணாமலையைச் சுற்றி இருக்கும் நமக்கு ஒன்பது கோபுரத்தையும் காட்டிக் காட்டியே வளர்த்துவிட்டார்கள். பழைய வசதியான வீட்டின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வாசல், திண்ணை, நடை, முற்றம், கூடம், சமையலறை, பூசையறை, கிணற்றடி, கொல்லை. காற்றும் வெளிச்சமும் வருகிற மாதிரி எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள் என்று புத்தகங்கள் புகழும். உண்மைதான், காற்று வரும். யார் வரலாம்? ஒருவர் திண்ணையோடு நிற்க வேண்டும். ஒருவர் முற்றம்வரை வரலாம். ஒருவர் வாசலுக்கே வரக் கூடாது, கொல்லைப்புறமாக வந்து மலம் அள்ளிக்கொண்டு போக வேண்டும். முன்வாசல் முதல் பின்வாசல் வரை சாதியை அளந்து கட்டிய வரைபடம் அது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வீடு கட்டி முடிகிற வரைக்கும்தான் உள்ளே இடம். கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் அவர்களும் வெளியே.

சரி, வெளியே இருந்தவர்களுக்கு அந்த வெளியாவது சொந்தமாக இருந்ததா? 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், பேச வேண்டும். அந்த விவாதத்தில் வீட்டுமனையும் ஒரு பெரிய கேள்வியாக இருந்தது. குடிசை போட்டிருக்கும் மனையே மிராசுதாரருடையது. கூலி உயர்த்திக் கேட்டால், வேலைக்கு வர மறுத்தால், 'வீட்டைக் காலி பண்ணு' என்று சொல்லிவிடலாம். சாட்டை வேண்டாம், விலங்கு வேண்டாம். தலைக்கு மேல் இருக்கிற கூரையே விலங்கு. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு ஆகும் நேரத்தில், 1971இல்தான், அடுத்தவர் நிலத்தில் குடியிருக்கும் விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்பு உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. பட்டா இல்லாத வீட்டில் இருக்கும் மனிதன் எதிர்த்துப் பேசுவதற்கு முன் மூன்று முறை யோசிப்பான். வட ஆர்க்காட்டிலிருந்து அலையலையாக நம் மக்கள் கோலார் தங்கவயலுக்குப் போனார்களே, ஏன்? அங்கேயும் மூங்கில் தட்டிக் குடிசைதான். பூமிக்கு அடியில் சாவு காத்திருந்தது. இருந்தாலும் அந்தத் தட்டிக் குடிசைக்குப் பண்ணையார் சொந்தக்காரர் இல்லை.

இந்தப் பின்னணியோடு அம்பேத்கரின் வீட்டுக்குப் போவோம்.

1917. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டனிலும் படிப்பைத் தொடங்கிவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வருகிறார் அம்பேத்கர். உதவித்தொகை கொடுத்த அரசரிடம் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். வேலை இருக்கிறது, பட்டம் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது. தங்க இடம் இல்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிந்துவிட்டுத் தங்குகிறார். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் குறிப்புகளில் அந்த இடத்தை அவரே விவரித்திருக்கிறார். மாடியில் ஒரு சிறிய அறை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வைத்த சின்னக் குளியலறை. மீதியெல்லாம் உடைந்த நாற்காலிகளும் பலகைகளும் குவிந்து கிடக்கிற ஒரு கூடம். மின்விளக்கு கிடையாது. இரவில் ஓர் அரிக்கேன் விளக்கு. வேறு விருந்தினர் யாரும் இல்லாத அந்த இருட்டில் புத்தகத்தைத் துணையாக வைத்துக்கொண்டு நாட்களைக் கழிக்கிறார். பதினோராம் நாள் காலை, பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு மாடியேறி வருகிறார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று மிரட்டுகிறார்கள். இந்து நண்பர் ஒருவரிடமும் கிறித்தவ நண்பர் ஒருவரிடமும் இடம் கேட்கிறார். இருவரும் தட்டிக்கழிக்கிறார்கள். பம்பாய் ரயில் இரவுதான். அதுவரைக்கும் காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்த ஒருவருக்கு ஒரு நகரம் முழுவதும் கொடுக்க முடிந்த இடம் ஒரு பூங்கா.

இதைச் சோகக் கதையாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. அம்பேத்கர் அந்தக் குறிப்பில் காட்டுவது ஒரு சமூக உண்மையை: இந்துவுக்குத் தீண்டத்தகாதவராக இருப்பவர் பார்சிக்கும் தீண்டத்தகாதவராக இருக்கிறார். மதம் மாறினாலும் வீட்டுக்காரர் மாறுவதில்லை. படிப்பு வந்துவிட்டால் சாதி போய்விடும் என்று இன்றைக்கும் நமக்குச் சொல்கிறவர்கள், அந்தப் பூங்காப் பெஞ்சு வரை ஒருமுறை நடந்துவிட்டு வரட்டும்.

அடுத்தது பரேல். பம்பாயில் 1896இல் பிளேக் நோய் வந்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஏழைகளின் நெரிசலான குடியிருப்புகள்தான் நோய்க்குக் காரணம் என்று சொல்லி, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை ஆங்கில அரசு அமைத்தது. அந்த அறக்கட்டளை இரண்டு விதமான வீடுகளுக்கு வழி செய்தது. தொழிலாளர்களுக்குச் சால்கள். நடுத்தர வர்க்கத்துக்குத் தாதர், மாதுங்கா பக்கம் அகலமான தெருக்களோடு புறநகர் மனைகள்.

சால் என்றால் என்ன? நீளமான ஒரு தாழ்வாரம். அதையொட்டி வரிசையாக ஒற்றை அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். சில அறைகளில் இரண்டு குடும்பங்கள்கூட. கழிப்பிடம் எல்லோருக்கும் பொது. பரேலில் அறக்கட்டளை கட்டிய முதலாம் எண் சாலில், இரண்டாவது மாடியில் 50, 51 என்று இரண்டு அறைகளில் அம்பேத்கர் குடும்பம் இருந்தது. வெளிநாட்டில் படித்த ஆண்டுகளையும் சேர்த்து 1912 முதல் 1934 வரை அவருடைய முகவரி அதுதான். ஓர் அறை குடும்பத்துக்கு, ஓர் அறை படிப்புக்கு. 1927இல் மகாடு குளத்தில் தண்ணீர் எடுத்த போராட்டம், மனுஸ்மிருதி எரிப்பு, 1930இல் வட்டமேசை மாநாட்டுக்குப் புறப்பட்டது, 1932இல் பூனா ஒப்பந்தம். எல்லாம் அந்த இரண்டு அறையில் குடியிருந்த காலத்தில் நடந்தவை. இந்திய வரலாற்றைத் திருப்பிப் போட்ட ஒரு மனிதர், காலையில் பொதுக் கழிப்பிடத்துக்கு வரிசையில் நின்றுவிட்டுத்தான் அந்த வேலைக்குப் போனார்.

அந்த இரண்டு அறையைக் கட்டிக் காத்தவர் ரமாபாய். அவர் படிக்கப் போன காலத்திலெல்லாம் குடும்பத்தை ஓட்டியவர். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். வீட்டைப் பற்றிப் பேசும்போது அடுப்படியைப் பற்றிப் பேசாமல் விடுவது ஆண்களுக்குக் கைவந்த கலை. சாலின் ஒற்றை அறையில் சமையல், குளியல், பிரசவம், நோய் எல்லாமே பெண்ணின் தலையில்தான் விடிந்தன. ராஜகிருகத்துக்குப் போய் ரமாபாய் அதிக நாள் இருக்கவில்லை. 1935 மே 27 அன்று அங்கே காலமானார்.

புத்தகங்கள் பெருகிக்கொண்டே போயின. நியூயார்க்கில் படித்தபோது பழைய புத்தகக் கடைகளில் அலைந்து ஏறத்தாழ இரண்டாயிரம் புத்தகங்கள் சேர்த்தவர் அவர். உலகப்போர்க் காலத்தில் அவருடைய பெட்டிகள் வந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. மறுபடியும் சேர்த்தார். சாலில் இடம் போதவில்லை. வழக்கறிஞர் தொழிலில் கொஞ்சம் வருமானம் வந்ததும் முடிவெடுத்தார்: புத்தகங்களுக்கு ஒரு வீடு.

தாதர் இந்து காலனியில் இரண்டு மனைகள். ஒன்றில் குடியிருக்க ராஜகிருகம். இன்னொன்றில் வாடகைக்கு விட சார்மினார் என்ற கட்டடம். வங்கிக் கடன் வாங்கி இரண்டையும் கட்டினார். கீழ்த்தளத்தில் குடும்பத்துக்கான அறைகள். மேலே நூலகம், அலுவலகம். தெருவைப் பார்த்த பால்கனிகள். பார்த்தால் அந்தப் பகுதியில் அந்தக் காலத்தில் கட்டிய மற்ற அடுக்கு வீடுகள் மாதிரிதான் இருக்கும். பெரிய தூண் இல்லை, கோபுரம் இல்லை. அதன் புரட்சி உள்ளே இருக்கிற இட ஒதுக்கீட்டில் இருக்கிறது. நம்மூர்ப் பெரிய வீட்டில் எது நடுநாயகம்? பூசையறை, கூடம், நெல் குதிர், பணப்பெட்டி. இந்த வீட்டின் நடுநாயகம் புத்தக அலமாரி. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அவரிடம் இருந்ததாகச் சொல்வார்கள். எழுத்தைக் காதால் கேட்டாலே குற்றம் என்று சாத்திரம் எழுதி வைத்த நாட்டில், எழுத்துக்காக ஒரு மாடியையே ஒதுக்கிய வீடு.

பெயரைக் கவனியுங்கள். ராஜகிருகம் என்பது பழைய மகதத்தின் தலைநகர். புத்தர் நடந்த, போதித்த ஊர். 1935 அக்டோபரில் இயோலாவில் 'இந்துவாகச் சாக மாட்டேன்' என்ற அறிவிப்பை அவர் வெளியிடுவதற்கு முன்பே, வீட்டின் நெற்றியில் புத்தரின் ஊரை எழுதிவிட்டார். 1956இல் நாக்பூரில் பௌத்தம் தழுவியது திடீர் முடிவு என்று சொல்கிறவர்கள், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் வைத்த இந்தப் பெயரைப் படிக்க வேண்டும்.

அந்த இந்து காலனியின் அண்டை வீடுகளையும் கொஞ்சம் பார்ப்போம். பக்கத்திலேயே தாதர் பார்சி காலனி. பல மனைகளைப் பார்சிகளுக்கு மட்டும் என்று ஒப்பந்தம் போட்டு ஒதுக்கி வைத்த பகுதி. கொஞ்சம் தள்ளி மாதுங்கா. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன பார்ப்பனர்கள் குவிந்த இடம். கோயில், பஜனை சமாஜம், காப்பிக் கடை, எல்லாம் அங்கே உண்டு. அதற்கும் பக்கத்தில் தாராவி. தோல் பதனிடப் போன நம் மக்கள் குவிந்த இடம். ஒரே தமிழ்நாட்டிலிருந்து ஒரே ரயிலில் ஏறினார்கள். ஒருவர் மாதுங்காவில் இறங்கினார், ஒருவர் தாராவிக்கு நடந்தார். நகரத்துக்குப் போனால் சாதி கரைந்துவிடும் என்று நினைத்தால், சாதியும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறது. ஊரில் தெருவாக இருந்தது நகரத்தில் காலனியாக, ஹவுசிங் சொசைட்டியாக மாறியது. அவ்வளவுதான்.

இந்தப் புதிய அடுக்கு வீடுகளில் ஒரு சுவாரசியமான சிக்கல் வந்தது. கழிவறையை வீட்டுக்குள் வைப்பதா, வெளியே வைப்பதா? கிராமத்து வீட்டில் அது கொல்லையில், வீட்டுக்கு வெளியே. பழைய பம்பாயில் வீடுகளுக்குப் பின்னால் குறுகிய சந்துகள் இருந்தன, மலம் அள்ளும் தொழிலாளர் வந்துபோவதற்கென்றே. அடுக்கு வீட்டின் மாடியில் கொல்லை எங்கே இருக்கிறது? தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிவறையும் பாதாளச் சாக்கடைக் குழாயும் வந்த பிறகு அள்ளுகிறவர் வீட்டுப் பக்கம் வர வேண்டிய தேவை இல்லை. அதனால் கழிவறை மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தது. தீட்டு போனதா? வீட்டுக்குள்ளிருந்து போனது. குழாய் வழியாகத் தெருவுக்குப் போய், மலக்குழிக்குள் இறங்கியது. இன்றைக்கும் அந்தக் குழிக்குள் இறங்கிச் சாகிறவர் யார் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் சட்டம் போட்டுத் தடை செய்த பிறகும் சாவு நிற்கவில்லை. நவீன வீட்டின் சுத்தமான கழிவறைக்கு ஒரு மறுமுனை உண்டு. அங்கே நம் ஆள் நிற்கிறான்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம், பல இடங்களில் கேட்டும் இருக்கிறார்கள். ஏழை மக்கள் சாலில் கிடக்க, தலைவர் மட்டும் ஆதிக்க சாதிக் குடியிருப்பில் மாடி வீடு கட்டிக்கொண்டு போனது சரியா? அது தனிமனித முன்னேற்றம்தானே, விடுதலை ஆகுமா? நியாயமான கேள்வி. ஒதுக்கித் தள்ள மாட்டேன்.

முதல் பதில்: தலைவர் குடிசையில்தான் இருக்க வேண்டும் என்று யாரிடம் கேட்கிறோம்? நேருவிடம் ஆனந்த பவனத்தைப் பற்றி இப்படிக் கேட்டோமா? தலித் தலைவர் மட்டும் ஏழ்மையைக் காட்டி நேர்மையை நிரூபிக்க வேண்டும் என்பதே சாதியப் பார்வை. சேரியில்தான் நீ இருக்க வேண்டும் என்ற பழைய உத்தரவு, தியாகம் என்ற புதிய பெயரில் வருகிறது.

இரண்டாவது பதில் முக்கியமானது. அந்த வீட்டை அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1936இல் லாகூரில் சாட் பாட் தோடக் மண்டல் அழைத்திருந்த மாநாட்டுக்கு ஓர் உரை எழுதுகிறார். உரையைப் படித்த அமைப்பாளர்கள் பயந்துபோய் மாநாட்டையே ரத்து செய்கிறார்கள். சொந்தச் செலவில் அச்சடித்து வெளியிடுகிறார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. அதன் இரண்டாம் பதிப்பின் முன்னுரைக்குக் கீழே இருக்கும் முகவரி: ராஜகிருகம், தாதர், பம்பாய் 14. அந்த நூலைப் பெரியார் குடிஅரசு வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். இந்து காலனிக்குள் உட்கார்ந்துகொண்டு, இந்து மதத்தின் அடித்தளத்தைத் தகர்க்கும் புத்தகத்தை எழுதி, அந்த முகவரியையே அடியில் போட்டிருக்கிறார். முகவரிகூட ஒரு வாதம்தான்.

புத்தகக் கடன் கழுத்தை நெரித்தபோது, 1941இல், வாடகை வரும் சார்மினார் கட்டடத்தை விற்றார். வருமானம் தரும் சொத்தை விற்றுப் புத்தகத்தைக் காப்பாற்றிக்கொண்டார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரி திறந்தது. தாதரின் அலமாரிகளில் இருந்த நூல்களில் ஒரு பகுதி இன்று அந்தக் கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. தன் வீட்டு மாடியில் சேர்த்ததை எல்லோரும் ஏறக்கூடிய மாடிக்கு மாற்றியிருக்கிறார். தனிச் சொத்தாகத் தொடங்கியது பொதுச் சொத்தாக முடிந்தது.

1956 டிசம்பர் 6 அன்று டெல்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில் அவர் காலமானார். உடல் விமானத்தில் பம்பாய் வந்தது. கொண்டுபோன இடம் ராஜகிருகம். மறுநாள் அங்கிருந்துதான் லட்சக்கணக்கான மக்களோடு இறுதி ஊர்வலம் தாதர் கடற்கரைக்குப் புறப்பட்டது. அந்த இடம் இன்று சைத்யபூமி. ஒரு தீண்டத்தகாதவருக்கு அறை கொடுக்க மறுத்த நாட்டில், அவருடைய வீட்டு வாசலில் ஒரு நகரமே வந்து நின்றது.

அந்த வீட்டை விட்டுவைத்தார்களா? 2020 ஜூலை 7 மாலை. கொரோனா காலம், தெருவில் நடமாட்டம் குறைவு. யாரோ வந்து ஜன்னல் கண்ணாடியையும் கண்காணிப்புக் கேமராவையும் பூந்தொட்டிகளையும் உடைத்துவிட்டுப் போனார்கள். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. நம்மூரில் அம்பேத்கர் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறோமே, அதே கதைதான். சிலையின் விரலை உடைக்கிற கைக்கும் அந்த ஜன்னலை உடைத்த கைக்கும் ஒரே கோபம்: உனக்கென்று ஓர் இடம் எப்படி இருக்கலாம்?

இனி இன்றைக்கு வருவோம். நான் வட மாவட்டங்களில் குடியிருப்பும் சாதியும் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நகரத்தில் ஆய்வு செய்ய அறை தேடி அலைந்தபோது நானே என் ஆய்வுக்குத் தரவாக ஆனேன். ஒரு வீட்டுக்காரர் அறையைக் காட்டினார், வாடகை பேசினார், எல்லாம் முடிந்த பிறகு "சொந்த ஊர் எது தம்பி?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன். "நாங்க சைவம், சரிப்பட்டு வராது" என்றார். அதுவரைக்கும் நான் என்ன சாப்பிடுவேன் என்று அவர் கேட்கவே இல்லை. ஊரில் எந்தப் பக்கம் என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலிலிருந்தே என் சமையலறை அவருக்குத் தெரிந்துவிட்டது. 2015இல் டெல்லித் தலைநகர்ப் பகுதியில் வாடகை வீட்டுச் சந்தையைப் பற்றி சுகதேவ் தோரட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. விண்ணப்பிப்பவரின் தகுதி ஒன்றாக இருந்தாலும், பெயர் தலித் பெயராகவோ முஸ்லிம் பெயராகவோ இருந்தால் மறுப்பும் கூடுதல் நிபந்தனையும் வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று விதி வைத்த ஒரு வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் வழக்கில், சங்கம் அமைக்கும் உரிமையின் பேரில் அந்த விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பு சொன்னது. 1917இல் தடியோடு மாடியேறி வந்தவர்களின் வேலையை இன்று சங்க விதிகள் அமைதியாகச் செய்கின்றன. தடி தேவையில்லை, கையெழுத்து போதும்.

நம் காலனி வீடுகளைப் பார்ப்போம். தொகுப்பு வீடு என்கிறோம். நடுவண் அரசின் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 270 சதுர அடி. தமிழ்நாட்டு அரசின் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. குடிசைக்குப் பதில் கான்கிரீட் வந்தது பெரிய மாற்றம். மழைக்கு ஒழுகாத கூரையின் அருமை ஒழுகும் கூரையின் கீழ் தூங்கியவர்களுக்குத் தெரியும், நான் தூங்கியிருக்கிறேன். அரசை இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த 360 சதுர அடிக்குள் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி எங்கே உட்கார்ந்து படிப்பாள்? ஒரு முன்னறை, ஒரு சமையலறை, ஒரு கழிவறை. அப்பா, அம்மா, தம்பி, பாட்டி, தொலைக்காட்சி. நான் படித்ததெல்லாம் ரேஷன் அரிசி மூட்டைமேல் புத்தகத்தை வைத்து. என் தங்கை படித்தது அடுப்படி வாசற்படியில். இது பெருமை பேச வேண்டிய விஷயம் இல்லை. 'கஷ்டப்பட்டுப் படித்தான்' என்று கை தட்டுகிற சமூகம், கஷ்டத்தை யார் கட்டிக் கொடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

வீட்டைப் பிரித்துக் கட்டிய சாதியைச் சேர்த்துக் கட்டிய வீட்டால் உடைக்கலாம் என்ற முயற்சியும் நம் மாநிலத்தில் நடந்தது. 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம். நூறு வீடு என்றால் நாற்பது ஆதிதிராவிடர், இருபத்தைந்து பிற்படுத்தப்பட்டோர், இருபத்தைந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பத்து மற்றவர். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே சுடுகாடு. குறைகள் உண்டு, பராமரிப்பு இல்லை, எண்ணிக்கை போதாது. ஆனால் ஊர், சேரி என்ற வரைபடத்தைத் தவிர வேறொரு வரைபடம் சாத்தியம் என்று அரசே செங்கல்லால் எழுதிக் காட்டியது. அதை ஏன் பாதியில் விட்டோம் என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறேன். பேருந்தில் அந்தக் கேள்வி நிற்க வேண்டும். ஆனால் பலகையை மாற்றிவிட்டுத் தெருவை அப்படியே விட்டால், நாளைக்குப் புதிய பெயரே வசைச்சொல் ஆகும். நம் மாவட்டத்தில் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்றுதான், காவல்துறைப் பாதுகாப்போடு, தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போக முடிந்தது. கோயிலுக்குள் போவதற்கே காவல் வேண்டியிருக்கிற மாவட்டத்தில், ஊர்த்தெருவில் ஒரு மனை வாங்குவதற்கு என்னென்ன வேண்டியிருக்கும்? கோயில் நுழைவு ஒரு நாள் செய்தி. தெருவில் குடியேறுவது ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டிய போராட்டம்.

என்ன செய்யலாம்? மூன்று வேலைகள் சொல்கிறேன். மூன்றும் இந்த வாசிப்பு வட்டத்தால் முடியும்.

ஒன்று, உங்கள் ஊரின் வரைபடத்தை நீங்களே போடுங்கள். எந்தத் தெருவில் யார், தண்ணீர்த் தொட்டி எங்கே, ரேஷன் கடை எங்கே, சுடுகாட்டுக்குப் பாதை எங்கே, எந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, எதற்கு இல்லை. பட்டா இல்லாத வீடுகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள். மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி, திரும்பத் திரும்பப் போங்கள். கோட்பாட்டை விடப் பட்டாவுக்குத்தான் ஆதிக்கவாதி அதிகம் பயப்படுவான்.

இரண்டு, அரசு வீட்டுத் திட்டங்களில் படிப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற கோரிக்கையைக் கிராம சபையில் வையுங்கள். வீட்டுக்குள் முடியாவிட்டால், ஒவ்வொரு குடியிருப்பிலும் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் படிப்பகம். பெண் பிள்ளைகள் பயமின்றி வந்துபோகும் தூரத்தில், விளக்கோடும் கழிவறையோடும். குலதெய்வத்துக்கு மண்டபம் கட்ட நன்கொடை திரட்டுகிற நம்மால் இதற்கும் திரட்ட முடியும்.

மூன்று, வாடகைக்கு வீடு தேடும்போது சாதி கேட்டு மறுத்தால் அதைப் பதிவு செய்யுங்கள். தேதி, இடம், என்ன சொன்னார்கள் என்று. ஒருவருடைய அனுபவம் புலம்பலாகத் தோன்றும். நூறு பேருடைய அனுபவம் சான்று ஆகும். வாடகையில் சாதிப் பாகுபாட்டைக் குற்றமாக்கும் சட்டம் வேண்டும் என்று கேட்க அந்தச் சான்று தேவை.

ராஜகிருகத்தை அண்ணலின் பெருமைச் சின்னமாகப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவது எளிது. அந்த வீட்டின் வரைபடத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்: உனக்கு மறுக்கப்பட்ட இடத்திலேயே போய் நில், நின்ற இடத்தில் புத்தகத்துக்கு முதல் அறை கொடு, சேர்த்ததைக் கடைசியில் எல்லோருக்கும் திறந்துவிடு. 360 சதுர அடியிலும் அதைச் செய்யலாம். ஒரு பலகை, ஒரு விளக்கு, பத்துப் புத்தகம். அங்கிருந்து தொடங்குவோம்.